நன்றியுரை சொல்லாத சாயங்காலம்

எங்க பூவனேரியில் ஒருதடவை வந்த சாயங்காலம் போகாமல் நின்றுவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் சூரியன் நின்றது நின்றபடி நின்றுகொண்டிருக்க, அதுபாட்டுக்கு அது இருக்கட்டும் என்று ஊரும் தன் சோலியைப் பார்த்தது. இப்போது சொன்னால் உங்க பட்டணத்து ஆட்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எங்க ஊர் மனுசங்களிடம் கேட்டால், ஆமா, அது நம்ம தங்கபுஷ்பம் மேடம் நன்றியுரை சொல்லாத சமயத்தில் நடந்தது என்பார்கள், ஏதோ தேர்தல் நடந்த வருசத்தைச் சொல்வதுபோல.

தங்கபுஷ்பம் மேடம் எங்க நகர மன்றத்துக்கு நிர்வாகி. மன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம், மேலே ஒரு ஹால், கீழே பந்தி போட ஒரு ஹால், மேடையில் வெல்வெட் நாற்காலி, அவ்வளவுதான். ஆனால் பூவனேரியில் பள்ளிக்கூட ஆண்டு விழாவும், பட்டிமன்றமும், ரத்த தான முகாமும், இரங்கல் கூட்டமும், கல்யாணமும் எல்லாமே அங்கேதான் நடந்தாக வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த அம்மாதான் ஓடியாக வேண்டும். நான் ஆவுடையப்பன், ஆவுடையப்பன் சவுண்ட் சர்வீஸ், மன்றத்தில் மைக் என்றால் நான்தான். அதனால் மற்றவர்கள் சொல்வதைவிட நான் சொல்வதை நீங்கள் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

அந்த அம்மா விழா நடத்துவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குத்துவிளக்குப் பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் விருந்தாளியைக் கூப்பிடுவாள். தண்ணீர் பாட்டில் மூடியை லேசாகத் திருகி வைப்பாள், பெரிய மனுசர் மேடையில் பாட்டிலோடு மல்லுக்கட்டக் கூடாது என்று. ரைஸ்மில்காரரையும் அவர் சகலையையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டாள், நடுவில் ஒரு சாமியாரையாவது பிடித்துப் போடுவாள். யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினால் சீட்டு அனுப்பும் பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது, சூடாக ஒரு டம்ளர் டீ அனுப்புவாள், ஆறிப்போகுமே என்ற கவலையிலேயே அந்த ஆள் பேச்சை முடித்துவிடுவார்.

கடைசியில் நன்றியுரை. அதையும் அவளேதான் சொல்வாள். உங்களுக்குத் தெரியாததா, நன்றியுரை என்று மேடையில் சொன்ன அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் எழுந்து செருப்புத் தேடும். பேருந்து, பிள்ளைகளின் வீட்டுப் பாடம், அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். அவள் பந்தல்காரருக்கும் நாற்காலி போட்டவர்களுக்கும் வாசல் கூட்டிய அம்மாளுக்கும் ஒவ்வொரு பேராக நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள், காலி நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். மைக்கை அணைக்க வேண்டியவன் என்பதால் நான் மட்டும் இருப்பேன். இத்தனை வருசத்தில் அந்த அம்மாவின் நன்றியுரைகளை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு ஓய்வு வயது வந்தது. மன்றத்துச் செயலாளர் குற்றாலிங்கம், மேடத்துக்கு ஒரு பாராட்டு விழா நடத்தியே தீருவோம், அதில் அவர்கள் ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போடக் கூடாது, எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார். நல்ல மனுசன்தான், ஆனால் கை ராசி அப்படி. விளக்கு ஏற்றும்போது மின்விசிறி ஓடியது, வரவேற்புரை சொன்னவர் தலைவரின் இனிஷியலை மாற்றிச் சொன்னார், போர்த்த வேண்டிய பொன்னாடை பீரோவில் மாட்டிக்கொண்டு பீரோ சாவி யாரிடம் என்று மேடையிலேயே பேச்சு வந்தது. வெல்வெட் நாற்காலியில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை, கை தானாக எழுவதும் மடிக்குத் திரும்புவதுமாக இருந்தது. எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது, நன்றியுரைக்கு யாரையும் போடவில்லை என்று. அது தானாக நடக்கிற காரியம், அதற்கு ஆள் வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்? குற்றாலிங்கம் குனிந்து அவள் காதில், நீங்களே சொல்லிருங்க மேடம், வழக்கம்தானே என்றார். பாராட்டப்பட்ட மனுசியே தன்னை வழியனுப்பி வைத்ததற்கு நன்றி சொல்வது உலகத்தில் எந்த ஊரிலாவது உண்டா? எங்க ஊரில் கேட்டார்கள். அவளும் எழுந்து வந்தாள். மைக்கைப் பிடித்தாள். ஹாலைப் பார்த்தாள், கூட்டம் வழக்கம்போல எழுந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்புறமா சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

என்னைத் தவிர அது யார் காதிலும் விழவில்லை, எல்லாரும் வாசலில் இருந்தார்கள். வெளியே வந்தோம், வெயில் மஞ்சளாகக் கிடந்தது. டீ குடித்தோம், கிடந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தால் அப்பவும் அதே வெயில், சுவரில் அதே நிழல். கோழிகள் கூட்டுக்குள் போவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்தன. பூக்காரி ஆறுமுகத்தம்மாள் கூடையில் மொட்டு விரியவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி, மொட்டாகவே வாங்கிட்டுப் போங்க, உங்க வீட்ல விரிஞ்சா விரியட்டும் என்று விற்க ஆரம்பித்தாள். புளியங்குடி கடைசி பஸ் இருட்டிலிருந்து ஹெட்லைட்டோடு வந்து எங்க ஊர் எல்லையில் வெளிச்சத்துக்குள் நுழைந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் லைட்டை அணைத்துவிட்டு, ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, டீயில் சீனி குறைவு என்று கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டுப் போனார்.

காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. சலூனில் பேசும்போதே தெளிவாகிவிட்டது. அழைப்பிதழில் மாலை விழா என்று போட்டிருக்கிறது, நன்றியுரை சொல்லாததால் விழா இன்னும் முடியவில்லை, விழா முடியாமல் மாலை மட்டும் எப்படி எழுந்து போகும்? நியாயந்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். குற்றாலிங்கம் பதறிப்போய்த் தானே மைக்கைப் பிடித்து ஒரு நன்றியுரை சொல்லிப் பார்த்தார். சூரியன் அசையவில்லை. கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் வந்து அடுக்குமொழியில் ஒன்று சொன்னார், அதற்குச் சூரியன் ரெண்டு விரக்கடை மேலே ஏறிவிட்டது என்று சிலபேர் சத்தியம் செய்கிறார்கள். அதோடு அந்த முயற்சியை விட்டுவிட்டோம்.

பிறகு என்ன, பழகிக்கொண்டோம். ஜன்னலில் போர்வையைக் கட்டி உறங்கினோம். கோயிலில் சாயரட்சை பூசை முடியாமலே நடந்தது, சுண்டல் கேட்கிறபோதெல்லாம் கிடைத்தது. பள்ளிவாசலில் பக்கத்து ஊருக்குப் போன் போட்டு நேரம் கேட்டுப் பாங்கு சொன்னார்கள். நாளைக்குத்தானே பள்ளிக்கூடம் என்று பிள்ளைகள் பையைத் தொடவே இல்லை. சுற்றுப்பட்டியிலிருந்து பெண்கள் வற்றலையும் வடகத்தையும் கொண்டுவந்து எங்க தெருவில் காயப்போட்டார்கள், இளவெயிலில் காய்ந்தால் நிறம் மாறாதாம். தெருவிளக்குப் போடுகிறவன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன் மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினான்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும் ஐயா. அந்த வெளிச்சத்தில் எங்க ஊரில் அழகில்லாத மனுசரே இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். வேலை முடிந்த நேரம், இன்னும் சமையல் தொடங்காத நேரம், சாயங்காலம் என்பது அதுதானே? ஒரு நாளில் நமக்கென்று கிடைக்கிற அந்த ஒரு துண்டு நேரம் கிழியாமல் நீண்டுகொண்டே போனது. ரைஸ்மில்காரரும் சகலையும் பேச நேரமில்லாமல்தான் பேசாமல் இருந்தார்களாம், நேரம் கிடைத்ததும் பேசிவிட்டார்கள். கடையைச் சாத்துகிற நேரம் வராததால் யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்லவில்லை. என் மகள் கோமதியும் நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு அவள் அம்மா இருந்த காலத்துக் கதையெல்லாம் பேசினோம். அவள் அம்மா போனபிறகு நாங்கள் அப்படிப் பேசியதே இல்லை.

மன்றத்தில் தங்கபுஷ்பம் மேடம் சாவியை ஒப்படைக்கவில்லை. விழா முடியாமல் எப்படி ஒப்படைப்பது? பாராட்டு விழா பேனரில் அவள் படம் சிரித்துக்கொண்டிருக்க, அதே மேடையில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள், பிறகு சிலம்பம் நடந்தது, பிறகு ஒரு நிச்சயதார்த்தம், பிறகு ஓய்வுபெற்ற தாசில்தாரின் புல்லாங்குழல். எதற்கும் தனியாக நன்றியுரை கிடையாது, முன்னால் தொடங்கியதே முடியவில்லையே, எல்லாம் சேர்ந்து ஒரே விழாவாகத் தொடர்ந்துகொண்டே போனது. அந்த அம்மா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள் பாருங்கள், அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எல்லாம் சரி, ஒரே ஒரு காரியம் மட்டும் இடித்தது. அந்த விழாவுக்கு மறுநாள் காலையில் அதே மன்றத்தில் என் மகள் கோமதிக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை இசக்கிராஜ் புளியங்குடிக்காரர், சார்ஜாவில் ஏசி மெக்கானிக், லீவில் வந்திருந்தார். எங்க ஊரில் முகூர்த்த நாள் இன்னும் வரவே இல்லை, ஆனால் புளியங்குடியில் காலண்டர் தாள் தினமும் கிழிந்துகொண்டிருந்தது. அவர் லீவு அங்கே கரைந்துகொண்டே போனது. சோசியரிடம் கேட்டதற்கு, பெண்ணுடைய ஊரில் அந்த நாள் விடியவில்லையே, அதனால் முகூர்த்தம் கெடவில்லை, விடிகிற காலையில் தாலி கட்டலாம் என்று சொல்லிவிட்டார். சோசியர் சொல்லலாம், சார்ஜாக் கம்பெனி கேட்குமா? மாப்பிள்ளையின் அம்மா பஸ் ஏறி வந்தாள், எங்க வெளிச்சத்தில் கண் கூசியபடி நின்று, அவன் இந்த வாரம் விமானம் ஏறாட்டி வேலை போயிரும், ஏறிட்டா அடுத்த லீவுக்கு ரெண்டு வருசம் ஆகும், அதுவரைக்கும் காத்திருப்போம்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க என்று நயமாகவே சொன்னாள். கோமதி கையில் வைத்த மருதாணி வெளுத்துக்கொண்டு வந்தது.

மேடத்திடம் போய்ப் பேசுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்று ஊரே என்னிடம் சொன்னது. நான் போகவில்லை. கேபிள் சுற்ற வேண்டும் என்பேன், ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் வருகிறது என்பேன். உண்மை என்னவென்றால் ராத்திரி வராவிட்டால் விடியாது, விடியாவிட்டால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் என் மகள் என்னோடுதான் மொட்டை மாடியில் இருப்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை, ஆனாலும் பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? வெளுத்த கையைப் பார்த்துக்கொண்டே ஒருதடவை கேட்டாள், "அப்பா, நீங்க போய்க் கேக்கியளா, நான் போய்க் கேக்கட்டா?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து போனேன்.

மன்றத்தில் அப்போது அதிசயமாக யாரும் இல்லை. மேடம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நாற்காலிகளின் வெள்ளை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒன்றை எடுத்து மடித்தேன். மடிப்பு சரியில்லை என்று வாங்கி அவளே மடித்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"எனக்கு எல்லாம் தெரியுது அண்ணாச்சி. ஆனா நன்றி சொல்லிட்டேன்னா சாவியக் குடுத்துரணும். ஓசூர்ல தம்பி வீட்டுல பால்கனியில எனக்குன்னு ஒரு சேர் போட்டு வச்சிருக்கான். நல்ல பிள்ளதான். அதுல போயி உக்காந்தா, பந்திக்கு எல போடலாமா மேடம்னு என்னைய யாரு கேப்பா?"

"எனக்கு மட்டும் என்ன மேடம்," என்றேன். "அவ போயிட்டா வீட்டுல நானும் ஆம்ப்ளிஃபயரும்தான்."

"அப்ப எதுக்கு வந்தீய?"

"மாப்பிள்ளைக்கு லீவு முடியுது."

அவள் ஜன்னல் வழியாக விழுந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கும் வந்தது, ரெண்டு பேரும் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கீய என்று கேட்டாள். சொன்னேன். அந்த ஆளா, அவன் சாம்பாரில் புளி ஜாஸ்தி போடுவானே, பக்கத்தில் ஆள் நிற்கணுமே என்றாள். மாப்பிள்ளை வீட்டார் தங்க அறை பார்த்தாச்சா? பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற மணவடை எந்தப் பக்கம் பார்த்து? வாழை மரம் வந்தாச்சா? நான் ஒவ்வொன்றுக்கும் முழித்தேன். கேட்கக் கேட்க அவள் குரல் ஏறியது. ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள், சிலம்பத்தில் கீறிய தரை, மேலே தொங்குகிற நிச்சயதார்த்தத் தோரணம், மூலையில் தாசில்தார் விட்டுப்போன துண்டு. "பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்க ஹாலா இது?" என்று என்னைத்தான் திட்டினாள். "எப்படிப் போட்டு வச்சிருக்காங்க பாருங்க. இத முதல்ல முடிச்சு விடணும். மைக்கப் போடுங்க."

மைக்கைப் போட்டேன். சோதனை, சோதனை என்று நான் சொன்னது வெளிக்குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. ஊர் வந்துவிட்டது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், இடம் இல்லாதவர்கள் சுவரோடு நின்றார்கள், ஒரு ஆள்கூடச் செருப்புத் தேடவில்லை.

அவள் தலைவரில் ஆரம்பிக்கவில்லை. வாசல் கூட்டுகிற பேச்சியம்மாளில் ஆரம்பித்தாள். பேச்சியம்மாளுக்கு நன்றி என்றதும் சூரியன் ஒரு அசைவு அசைந்தது. பந்தல் போட்டவர்களுக்கு, அவர்களுக்கு முன்னால் போட்டு இப்போது உயிரோடு இல்லாதவர்களுக்கு, மழையில் விழா கலைந்த வருசம் நாற்காலிகளைத் தலையில் சுமந்து உள்ளே கொண்டுவந்த பிள்ளைகளுக்கு, மின்சாரம் போனபோது தங்கள் கடை பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தவர்களுக்கு, மேடையில் பேச்சு மறந்து அழுத பிள்ளைக்குக் கைதட்டிய கூட்டத்துக்கு, டீ ஆற்றியவருக்கு, டம்ளர் கழுவியவருக்கு, பேரைத் தப்பாக அச்சடித்துவிட்டு ராவோடு ராவாக மாற்றிக் கொடுத்த அச்சகத்துக்கு, கோபித்துக்கொண்டு போய்விட்டுப் பிறகு திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்கு, இந்த மேடையில் பேர் வைத்து இதே மேடையில் தாலி கட்டி இங்கேயே இரங்கல் கூட்டமும் கண்டவர்களுக்கு என்று அவள் சொல்லிக்கொண்டே போக, சொல்லச் சொல்ல வெளிச்சம் சுவரில் இறங்கி, நாற்காலியில் இறங்கி, எங்கள் மடியில் இறங்கி, தரையில் இறங்கி, ஜன்னல் வழியாக மெல்ல வெளியே போனது. தங்கள் பேரைக் கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்படி ஒரு நன்றி இத்தனை வருசமாகத் தங்களுக்குச் சொல்லப்பட்டுக்கொண்டே இருந்தது என்பது அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியாக, இங்கே இருந்தது எனக்கு ரொம்ப நல்லா இருந்தது, எல்லாருக்கும் நன்றி, வணக்கம் என்று முடித்தாள். நாட்டுப்பண் போட்டேன். எல்லாரும் இருட்டில் நின்றோம்.

விடிந்தது. எங்க ஊர்க் கோழிகளுக்குக் கூவுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது, ஒன்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. சாவியை நீட்டிய மேடத்திடம் குற்றாலிங்கம், கல்யாணம் முடியுற வரைக்கும் நீங்களே வச்சிருங்க, எனக்குப் பயமா இருக்கு என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்தக் கல்யாணத்தைப்போல ஒன்றை மன்றம் அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. சாம்பாரில் புளி அளவாக இருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் மின்விசிறி நின்றது, கெட்டிமேளம் முடிந்ததும் ஓடியது. மணவடையில் கோமதி என்னைத் தேடியபோதெல்லாம் அவள் கண்ணில் படுகிற இடத்தில் மைக்கைச் சாக்கு வைத்து என்னை நிறுத்தியிருந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. மத்தியானம் வேன் வந்தது. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, பிறகு விட்டாள். வேன் போயிற்று.

ஹால் காலியாகிவிட்டது. காலி நாற்காலிகள், கீழே கிடக்கிற பூ, மேடை ஓரத்தில் அந்த அம்மா. எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல், இத்தனை வருசத்துப் பழக்கத்தில், மைக்கை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டேன்.

அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அணைத்து என் கையிலேயே வைத்தாள். "கல்யாண வீட்டுல யாரு அண்ணாச்சி நன்றியுரை சொல்லுதா?" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே திருநெல்வேலி பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் ஓசூருக்குப் போய்விட்டாள். போய் வருசங்கள் ஆகிவிட்டன. கோமதிக்கு ரெண்டு பிள்ளைகள், சார்ஜாவில்தான் குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, அப்பா சாப்பிட்டியளா என்பாள். மேடமும் எப்போதாவது கூப்பிடுவாள். சுகமா என்று கேட்க மாட்டாள், எடுத்ததும், "கல்யாண வீட்டுல என்ன விசேசம் அண்ணாச்சி?" என்றுதான் கேட்பாள்.

"நடந்துக்கிட்டிருக்கு மேடம்," என்பேன்.